மன்னிப்புக் கேட்ட ஆயர்கள்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் முடிவில் போலந்து தேசம் இருந்த இடத்திலிருந்து மேற்கே தள்ளிவைக்கப்பட்டது என்றே சொல்லவேண்டும். கிழக்கே லுவூவ் முதலிய நகரங்கள் சோவியத் ஒன்றியத்தின் வசமாயின. மேற்கே ஓடர், நைசே நதிகள் வரையுள்ள ஜேர்மன் நிலம், 1945ஆம் ஆண்டு பொட்ஸ்டாம் மகாநாட்டில் போலந்தின் நிர்வாகத்தில் விடப்பட்டது. பிரெஸ்லௌ என்ற ஜேர்மன் நகரம் விரொட்ஸ்வாவ் ஆயிற்று. இலட்சக்கணக்கான ஜேர்மனியர் வீடுவாசலை விட்டுத் துரத்தப்பட்டனர். அவ்வீடுகளில் குடியேறிய போலந்து மக்களுள் கிழக்கே தம் சொந்த வீடுகளை இழந்து வந்தவர்களும் பலர்.

போலந்தின் காயமோ மிகப் பெரிது. நாசிகளின் ஆட்சிக்காலத்தில் ஏறக்குறைய 60 இலட்சம் போலந்துப் பிரசைகள் மாண்டனர். அவர்களில் பாதியளவினர் யூதர். குருக்கள் பலர் டாக்காவு சிறைமுகாமில் மடிந்தனர்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிவடையும் தறுவாயில், 1965 நவம்பர் 18ஆம் திகதி, போலந்து ஆயர்கள் ஜேர்மன் ஆயர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்கள். அதை வரைந்தவர் விரொட்ஸ்வாவில் பணிபுரிந்த பேராயர் கொமினெக். ஜேர்மன் ஆட்சியிலிருந்த மேல் சிலேசியாவில் 1903இல் பிறந்தவர். இரு மொழியும் அறிந்தவர். நாசிகளின் கொடுமைகளைக் கடிதம் மூடிமறைக்கவில்லை. புதிய எல்லை போலந்துக்கு உயிர்ப்பிரச்சினை என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால், துரத்தப்பட்ட ஜேர்மனியரின் துன்பத்தையும் நினைவுகூர்ந்தது. இறுதியில், தாங்கள் மன்னிப்பதாகவும் மன்னிப்புக் கேட்பதாகவும் ஆயர்கள் எழுதினார்கள்.

இத்தனை இழந்தவர்கள் எதற்காக மன்னிப்புக் கேட்கவேண்டும்? பெற்றோர் இக்கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். போலந்தின் கம்யூனிஸ்ட் அரசு கேட்டதும் அதுவே. ஆயர்களுக்கு இந்த உரிமையைக் கொடுத்தது யார் என்று பத்திரிகைகளிலும் கூட்டங்களிலும் கண்டன முழக்கம் எழுந்தது. கர்தினால் விஷின்ஸ்கியின் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. கத்தோலிக்கரிலேயே பலர் மனம் நொந்தனர். அவர்களைக் குறை சொல்வது எளிதன்று.

டிசெம்பர் 5ஆம் திகதி வந்த ஜேர்மன் ஆயர்களின் பதில் அன்பானதுதான். ஆனால் எல்லையைப் பற்றி அழுத்தமாக ஒன்றும் சொல்லவில்லை. வீடிழந்து வந்த விசுவாசிகளின் மனம் புண்படுமே என்ற தயக்கம்! இன்னும் சற்றுத் துணிந்திருக்கலாம் என்றே தோன்றுகிறது. 1968இல் பென்ஸ்பெர்க் குழு என்ற ஜேர்மன் கத்தோலிக்கர், எல்லையை ஏற்கவேண்டுமென்று வெளிப்படையாக எழுதினர். பின்னாளில் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பரான யோசேப் ராட்சிங்கரும் அதில் ஒப்பமிட்டார்.

1970 டிசெம்பரில் மேற்கு ஜேர்மனி எல்லையை ஏற்று வார்சோவில் ஒப்பந்தம் செய்தது. அது 1972இல் நடைமுறைக்கு வந்த பின்னரே பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் அப்பகுதியில் போலந்து மறைமாவட்டங்களை முறைப்படி நிறுவினார். அதுவரை, புது எல்லை உடன்படிக்கையால் உறுதிப்படாமல் மறைமாவட்டங்களை மாற்றுவதில்லை என்ற வழமையை வத்திக்கான் கைக்கொண்டிருந்தது. ஐக்கியமான ஜேர்மனி இறுதியாக 1990 நவம்பர் 14ஆம் திகதி கையொப்பமிட்டது. கொமினெக் அதைக் காணவில்லை, 1974இல் காலமானார்.

எல்லை வழக்கு அத்துடன் தீர்ந்தது. ஆயினும் 2022இல் போலந்து அரசு யுத்த நட்டஈடு கோரியபோது, பழைய கணக்கு இரு நாடுகளிலும் மறுபடி பேச்சாயிற்று.