மதிப்பெண்ணும் தேர்வாளரும்

ஒரு நாட்டின் அணியைத் தீர்மானிக்க வேண்டியது மதிப்பெண்ணா, தேர்வாளரா? அமெரிக்க மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸ் வரலாறு இவ்வினாவுக்கு நமக்கு நல்லதொரு பாடமாகும்.

1992இல் பால்டிமோரில் ஒலிம்பிக் தகுதிப் போட்டி நடைபெற்றது. ஆயினும் இறுதி அணி, பின்னர் ஃபுளோரிடாவில் மூடிய கதவுகளுக்குள் நடந்த தேர்விலேயே முடிவாயிற்று. பால்டிமோரில் ஆறாம் இடம் பெற்ற கிம் கெல்லி விடுபட்டார். 1996இல் காயமுற்ற ஷானன் மில்லரும் டொமினிக் மொசியானுவும் பாஸ்டன் தகுதிப் போட்டியில் கலந்துகொள்ளவில்லை; தேசியப் போட்டியில் ஈட்டிய மதிப்பெண்ணைக் கொண்டே இடம்பெற்றனர். அவ்வணி தங்கம் வென்றது.

அணியின் அளவும் சுருங்கி வந்தது: 1996இல் எழுவர், 2000இல் அறுவர், 2012இல் ஐவர், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நால்வர். 2024இல் மீண்டும் ஐவராயினர். அணி சிறுத்தால் தனியொருவரின் மொத்த மதிப்பெண் மட்டும் போதாது. எந்தக் கருவியில் எவர் வலுச் சேர்ப்பார் என்றும் கணக்கிட வேண்டும். எனவே 2024 மினியாபொலிஸ் போட்டியில் முதலிடத்துக்கு மட்டுமே இடம் உறுதி. அதனைச் சிமோன் பைல்ஸ் பெற்றார். ஏனையோரைக் குழு தேர்ந்தது.

மதிப்பெண்ணும் வேண்டும், மதிப்பீடும் வேண்டும் என்பதே நாம் பெறும் படிப்பினை. ஆயின் தேர்வாளரின் அதிகாரம் ஓர் அமானிதம். விதியை முன்னரே அறிவித்து, காரணத்தை வெளிப்பட உரைத்தாலன்றி அந்த அமானிதம் நிறைவேறாது.