க்ளீவ்லேண்ட் ஆர்கேட்: மூணு ஹின்ஜ் மேல நிக்கிற கண்ணாடி வானம்

இந்த மாசம் ஒரு கடைவீதிக்குப் போகலாம். ஷாப்பிங் பண்ண இல்லை, அண்ணாந்து பார்க்க. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிற ஊர் க்ளீவ்லேண்ட். அதோட டவுன்டவுன் நடுவில் 1890-ல் திறந்த ஒரு கட்டடம்: 'தி ஆர்கேட்'. சிவில் பசங்களுக்கு மட்டும்தான் இதுன்னு மத்த டிபார்ட்மென்ட் ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. இதுல எல்லாருக்குமே ஒரு கேள்வி இருக்கு.

முதல்ல, ஆர்கேட்னா என்ன?

ரெண்டு பக்கமும் கடைகள், நடுவில் நடைபாதை, மேலே கண்ணாடிக் கூரை. அவ்வளவுதான். லண்டன்ல பர்லிங்டன் ஆர்கேட் 1819-லயே வந்துடுச்சு. பாரிஸ்ல அதுக்கும் முன்னாடியே இப்படிப்பட்ட பாதைகள் இருந்துச்சு. பனி, மழை, குதிரை வண்டி கிளப்புற சேறு இது எதுவும் படாம மக்கள் நிதானமா நடக்கணும், கடையைப் பார்க்கணும். இன்னைக்கு நாம ஏசிக்காக மாலுக்குள்ள போறோமே, அதே லாஜிக்தான். ஆனா அப்போ கரண்ட் விளக்கு புதுசு. அதனால பகல் வெளிச்சத்தை உள்ளே கொண்டு வரணும். அதுக்குத்தான் கண்ணாடி.

உள்ளே நடப்போம்

க்ளீவ்லேண்ட் ஆர்கேட் ரெண்டு பெரிய தெருக்களை இணைக்குது. ஒரு பக்கம் யூக்ளிட் அவென்யூ, மறுபக்கம் சுப்பீரியர் அவென்யூ. ரெண்டு முனையிலும் ஒன்பது மாடிக் கட்டடம் ஒவ்வொண்ணு. நடுவில் ஐந்து மாடி உயரத்துக்குத் திறந்த வெளி, சுமார் 300 அடி நீளம். சுற்றிலும் இரும்புக் கைப்பிடி போட்ட பால்கனிகள், அதுக்கெல்லாம் மேலே கண்ணாடி.

இதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. ரெண்டு தெருவும் ஒரே மட்டத்தில் இல்லை. சுப்பீரியர் பக்கம் சுமார் 12 அடி தாழ்வு. சாதாரணமா யோசிச்சா மண்ணைக் கொட்டியோ தோண்டியோ சமப்படுத்தத் தோணும். இவங்க அதைச் செய்யலை. கீழ்த்தளத்தை சுப்பீரியர் தெருவோட மட்டத்திலும், அடுத்த தளத்தை யூக்ளிட் தெருவோட மட்டத்திலும் வெச்சு, நடுவில் படிக்கட்டால இணைச்சுட்டாங்க.

இதோட பலன் என்னன்னு யோசிங்க. எந்தக் கடைவீதியிலும் கிரவுண்ட் ஃப்ளோர் கடைக்குத்தான் கிராக்கி. மாடி ஏற ஏற கூட்டம் குறையும். இங்கே ரெண்டு தளமுமே தெருவிலிருந்து நேரா நுழையுற தளம். மேடு பள்ளம் ஒரு தொல்லைன்னு நினைச்சா, அதுவே ஒரு கட்டடத்துக்கு ரெண்டு கிரவுண்ட் ஃப்ளோர் கொடுத்துடுச்சு!

கூரையை யார் போடுறது?

வடிவமைச்சவங்க ரெண்டு பேர்: ஜான் ஐசன்மன், ஜார்ஜ் ஸ்மித். ஐசன்மன் அந்த ஊர் கேஸ் ஸ்கூல்ல சிவில் இன்ஜினியரிங் ப்ரொஃபசர். ஒஹையோ மாநிலக் கொடியை வரைஞ்சவரும் அவரேதான். பணம் போட்டவங்கள்ல ராக்ஃபெல்லர், ஆர்க் விளக்கு புகழ் சார்லஸ் பிரஷ் எல்லாம் உண்டு. மொத்தச் செலவு 8,67,000 டாலர்.

பணம் இருந்துச்சு, டிசைன் இருந்துச்சு. ஆனா அந்தக் கூரையைப் போட உள்ளூர் காண்ட்ராக்டர்கள் யாரும் முன்வரலை. கடைசியில் வேலையை எடுத்தது டெட்ராய்ட் பிரிட்ஜ் கம்பெனி. ஆமா, பாலம் கட்டுறவங்க! யோசிச்சா சரியாத்தான் இருக்கு. தூண் இல்லாத நீளமான இடைவெளியை இரும்பால தாண்டுறதுதானே அவங்க தினசரி வேலை?

அந்தக் கூரையைத் தாங்குறது மூணு ஹின்ஜ் ஆர்ச். ரெண்டு அடிப்பக்கத்திலும் ஒவ்வொரு ஹின்ஜ், உச்சியில் ஒண்ணு. ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ்ல போட்ட கணக்கை ஞாபகப்படுத்துங்க. தெரியாத ரியாக்‌ஷன் நாலு, சமநிலைச் சமன்பாடு மூணு. உச்சி ஹின்ஜ்ல மொமெண்ட் பூஜ்யம்னு நாலாவது சமன்பாடு கிடைக்குது. கணக்கு முடிஞ்சுது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல இது எவ்வளவு பெரிய நிம்மதி!

அதை விட முக்கியமானது வெப்பம். கணக்குக்காக ஸ்பேன் 18 மீட்டர்னு வெச்சுக்கலாம். இரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்கு சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும். உறைபனிக்கும், வெயில் காய்ற கண்ணாடிக்கு அடியில் இருக்கிற சூட்டுக்கும் 50 டிகிரி வித்தியாசம்னா, 18 × 0.012 × 50, அதாவது கிட்டத்தட்ட 11 மில்லிமீட்டர். ரெண்டு முனையையும் இறுக்கிப் பிடிச்ச ஆர்ச்சா இருந்தா, இந்த 11 மில்லிமீட்டர் போக இடம் இல்லாம உள்ளுக்குள்ள ஸ்ட்ரெஸ்ஸா மாறும். மூணு ஹின்ஜ் இருந்தா உச்சி கொஞ்சம் எழும்பும், குளிர்ல திரும்ப இறங்கும். ஸ்ட்ரெஸ் ஏறாது. ஒரு பக்க சப்போர்ட் லேசா இறங்கினாலும் இதே கதைதான். எக்ஸாம்ல 16 மார்க்குக்கு எழுதிட்டு மறந்துட்ட அந்த ஆர்ச், 130 வருஷத்துக்கும் மேலா வருஷா வருஷம் மூச்சு விடுற மாதிரி ஏறி இறங்கிட்டு இருக்கு.

இப்போ அந்தக் கேள்வி

ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்காவில் ஜனங்க காரும் வீடும் வாங்கிப் புறநகருக்குப் போனாங்க. மால்களும் பின்னாடியே போச்சு. டவுன்டவுன் கடைகள் காத்து வாங்க ஆரம்பிச்சுது. கட்டடம் உறுதியா இருக்கு, ஆனா அது எதுக்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலை போயிடுச்சு. இப்போ என்ன செய்வீங்க?

ஆர்கேடுக்கு 1975-ல் தேசிய வரலாற்றுச் சின்னம்ங்கிற அந்தஸ்து கிடைச்சுது. ஆனா அந்தப் பட்டம் மட்டும் ஒரு தனியார் கட்டடத்தைக் காப்பாத்தாது. வருமானம் வேணும். 2001-ல் ஹயாத் ஹோட்டலா மாத்தினாங்க. மேல் மூணு தளமும் ரெண்டு டவர்களும் ஹோட்டல். கீழ் ரெண்டு தளம் கடைகள், பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கு. இது ஏன் பொருந்துச்சு? பால்கனியை ஒட்டி வரிசையா சின்னச் சின்ன அறைகள்ங்கிற அமைப்பு ஆஃபீஸுக்கும் ஒத்து வரும், ஹோட்டலுக்கும் ஒத்து வரும். பெரிய ஹால் தேவைப்படுற உபயோகமா இருந்தா சுவரை உடைச்சிருக்கணும்.

இழப்பே இல்லைன்னு சொல்ல முடியாது. மேல் பால்கனியில் யார் வேணா உலாவலாம்ங்கிற காலம் முடிஞ்சுது. யூக்ளிட் பக்க முகப்பை 1939-லயே புதுப்பிக்கிறேன்னு மாத்திட்டாங்க. சுப்பீரியர் பக்கம் மட்டும் அந்தப் பழைய பெரிய கல் வளைவு இன்னும் நிக்குது. ஆனாலும் என் கருத்து இதுதான்: பாதி திறந்திருக்கிற உயிருள்ள கட்டடம், முழுசாப் பூட்டிக் கிடக்கிற நினைவுச்சின்னத்தை விட மேல். இடிச்சுட்டா அந்தப் பாதியும் கிடையாது.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை

அடுத்த லீவுல ஊருக்குப் போறப்போ, அங்கே இருக்கிற ஒரு பழைய மார்க்கெட் கட்டடத்துக்கோ கடைத்தெருவுக்கோ போங்க. மூணு கேள்வி மட்டும் கேளுங்க.

1. வெளிச்சமும் காத்தும் எந்த வழியா உள்ளே வருது?
2. கூரையோட எடை எந்த வழியா தரைக்கு இறங்குது?
3. இப்போ இருக்கிற வேலை போயிட்டா, சுவரை உடைக்காம இங்கே வேற என்ன நடத்தலாம்?

இன்னும் சில வருஷத்துல 'இடிக்கலாமா, வேண்டாமா'ன்னு ஒரு ரிப்போர்ட் நம்மள்ல யாரோ ஒருத்தர் டேபிளுக்கு வரும். மூணாவது கேள்விக்கு பதில் தேடாம அதுல கையெழுத்துப் போட்டுடாதீங்க.