“என் ஸ்கிரீன் தெரியுதா?”

தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகமோ, மேடவாக்கத்து வீட்டு மாடியோ, ஆன்லைன் மீட்டிங்கில் தவறாமல் கேட்கும் கேள்வி இது. “தெரியுது” என்று பதில் வரும். ஆனால் படிக்க முடிகிறதா? யாராவது ஒருவர் கடற்கரை மின்சார ரயிலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பார். ஷேர் பொத்தானைத் தொடும் முன் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

முழுத் திரை வேண்டாம்: ஜூம், டீம்ஸ், கூகுள் மீட், நம் கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஜோஹோ மீட்டிங் எல்லாவற்றிலும் ஒரு விண்டோவை மட்டும் காட்டலாம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். வாடிக்கையாளருக்குக் கணக்கு காட்டும்போது, திரையின் ஓரத்தில் அம்மாவின் வாட்ஸ்அப் எட்டிப் பார்த்தது: “கேஸ்காரர் வந்துட்டார், ஓடிபி சொல்லு.” சிலிண்டர் வந்து சேர்ந்தது, என் கணக்கு யார் மனதிலும் நிற்கவில்லை. முழுத் திரையைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டுவிடுங்கள்.

எழுத்தைப் பெரிதாக்குங்கள்: பிரவுசரில் கன்ட்ரோலும் ப்ளஸும் போதும். எக்ஸெலில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டுங்கள். பேசப்போகாத நெடுவரிசைகளை மறைத்துவிடுங்கள். சந்தேகமிருந்தால் உங்கள் கைபேசியிலிருந்தும் அதே லிங்க்கில் நுழைந்து, ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

வாயும் மவுஸும் சேர்ந்து போகட்டும்: 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸை உலகுக்குக் காட்டினார். அன்றே, சுமார் 50 கி.மீ. தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த சகாவோடு திரையையும் பகிர்ந்துகொண்டார். சுட்டிக்காட்டிப் பேசும் அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும். “இங்க பாருங்க” என்றால் ரயிலில் நிற்பவர் எங்கே பார்ப்பார்? “மூன்றாவது வரி, ஏப்ரல் செலவு” என்று சொல்லுங்கள். பக்கம் மாற்றியதும் ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள். படம் அவருக்குத் தாமதமாகவே போய்ச் சேரலாம்.

மழைக்காலத்துக்கு முன்னேற்பாடு: ஐப்பசி, கார்த்திகையில் முடிச்சூர்ப் பக்கம் கரன்ட் போனால் வைஃபையும் போகும். பிடிஎஃப்பை முன்பே அனுப்பிவிடுங்கள், ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள். நெட் தள்ளாடினால் முதலில் உங்கள் கேமராவை அணையுங்கள்.

கடைசியாக, ஸ்டாப் ஷேர். எல்லாம் முடிந்தது என்று நீங்கள் ஸ்விக்கியில் பரோட்டா தேடுவதை, கிண்டியில் இறங்கப்போகிறவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.