சுவருக்கு எத்தனை கல்? குடோன் கட்டும் வணிகர்களுக்கு ஒரு கணக்குப் பாடம்



ஒரு மூடை துவரம்பருப்பில் அரைக் கிலோ குறைந்தாலும் தராசில் மறுபடி வைத்துப் பார்க்கிறவர்கள் நாம். ஆனால் குடோன் கட்டும்போது மட்டும் கல் கணக்கை வாய்க்கணக்காக விட்டுவிடுகிறோம். "ஒரு லோடு இறக்குங்கள், பிறகு பார்ப்போம்" என்பதே நம்மில் பலருடைய திட்டமாக இருக்கிறது.

இதனால் வரும் நஷ்டம் இரண்டு வகை. கல் மிஞ்சினால் முதல் முடங்குகிறது. தெருவோரம் கிடக்கும் கல்லை வாங்கிய விலைக்கு யாரும் எடுப்பதில்லை. கல் குறைந்தால் அதைவிட மோசம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் சாலையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், ஆடி கழியட்டும் என்று காத்திருந்து ஆவணியில் குடோன் வேலையைத் தொடங்கினார். கடைசி இரண்டு வரிசைக்குக் கல் போதவில்லை. அடுத்த லோடு வருவதற்குள் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். கூரை போடுமுன் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு வந்த சர்க்கரை மூடைகளைத் தார்ப்பாய்க்குள் வைத்தும் காப்பாற்ற முடியவில்லை. குறைந்ததென்னவோ நூற்றைம்பது கல்தான்!

சிமெண்ட் நம் பகுதிக்குப் புதிய பொருளல்ல. ராஜபாளையம் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் ஆலை, விருதுநகர் அருகே ராமசாமிராஜா நகரில் 1960-களின் தொடக்கத்திலேயே உற்பத்தியைத் தொடங்கியது. இன்று குடோனுக்கும் காம்பவுண்டுக்கும் ஹாலோ பிளாக் கல்லே பெரும்பாலும் பயன்படுகிறது. ஆகவே அந்தக் கல்லை வைத்தே கணக்கைப் பார்ப்போம்.

1. கல்லின் அளவு

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2185 தரப்படி, பரவலாகப் பயன்படும் கல்லின் முகம் 39 செ.மீ. நீளம், 19 செ.மீ. உயரம். 1 செ.மீ. கலவை மூட்டும் சேர்ந்தால் 40-க்கு 20 ஆகிறது. இதையே நாம் ஏறக்குறைய 16 அங்குலம், 8 அங்குலம் என்கிறோம். வகுக்க வேண்டியது மூட்டுச் சேர்ந்த அளவால்தான். வெறும் கல்லின் அளவால் அல்ல. கல் அறுக்கும் இடத்துக்கு இடம் அளவு மாறும். எனவே பத்துக் கல்லை மூட்டு இடைவெளி விட்டு வரிசையாக வைத்து, மொத்த நீளத்தை அளந்து பத்தால் வகுத்துப் பாருங்கள்.

2. சுவரின் நீளம்

வெளி அளவு 30 அடிக்கு 20 அடி உள்ள குடோனை எடுத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் கூட்டினால் 100 அடி. ஆனால் 8 அங்குலச் சுவரில் ஒவ்வொரு மூலையும் இரண்டு முறை எண்ணப்படுகிறது. நான்கு மூலைக்கு 32 அங்குலம், அதாவது 2 அடி 8 அங்குலம் கழிக்க வேண்டும். மிச்சம் 97 அடி 4 அங்குலம். அதாவது 1,168 அங்குலம். 16-ஆல் வகுத்தால் ஒரு வரிசைக்கு 73 கல்.

3. சுவரின் உயரம்

பேஸ்மட்டத்துக்கு மேல் 10 அடி, அதாவது 120 அங்குலம். 8-ஆல் வகுத்தால் 15 வரிசை. ஷட்டர், ஜன்னல்களுக்கு மேலே, 8 அடி உயரத்தில், சுவர் முழுவதும் ஓடும் 8 அங்குல லிண்டல் பீம் ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 14 வரிசை. 73 பெருக்கல் 14, 1,022 கல். உயரத்தை எப்போதும் 8 அங்குலத்தின் மடங்காகவே வைத்துக்கொண்டால் கடைசி வரிசையில் கல்லை வெட்டி வீணாக்க வேண்டியதில்லை.

4. திறப்புகளைக் கழித்தல்

8 அடிக்கு 8 அடி ஷட்டர் ஒன்று: அகலத்தில் 6 கல், உயரத்தில் 12 வரிசை, ஆக 72 கல். 4 அடிக்கு 4 அடி ஜன்னல் இரண்டு: ஒன்றுக்கு 3 கல், 6 வரிசை, 18 கல், இரண்டுக்கும் 36. மொத்தம் 108 கல்லைக் கழித்தால் நிற்பது 914.

5. சேதாரம்

லாரியில் உடைவது, அரைக்கல்லுக்காக வெட்டுவது ஆகியவற்றுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்துக்கொள்ளலாம். 46 கல் கூட்டினால் 960. இதுவே நாம் கொடுக்க வேண்டிய ஆர்டர்.

இப்போது வாய்க்கணக்கோடு ஒப்பிடுவோம். 100 அடி நீளம், 10 அடி உயரம், ஆயிரம் சதுர அடி என்று மட்டும் பார்த்து 16-க்கு 8 கல்லால் வகுத்தால் 1,125 வருகிறது. 165 கல் கூடுதல்! மூட்டையும் விட்டுவிட்டு வெறும் கல் முகத்தால் வகுத்தால் 1,250-ஐத் தாண்டிவிடும்.

செங்கல்லில் கட்ட விரும்புவோருக்கும் ஒரு குறிப்பு. மூட்டுச் சேர்த்து 20 செ.மீ. நீளம், 10 அகலம், 10 உயரம் கொண்ட தர அளவுச் செங்கல் எட்டு சேர்ந்தால் 20 செ.மீ. கனமுள்ள ஒரு ஹாலோ பிளாக்கின் இடத்தை அடைக்கும். மேற்கண்ட சுவருக்கு, சேதாரம் நீங்கலாக, 7,312 செங்கல். நாட்டுச் செங்கலின் அளவு சூளைக்குச் சூளை மாறும் என்பதால் அங்கும் பத்துக் கல்லை அளந்த பிறகே பெருக்க வேண்டும்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். இந்தக் கணக்கு பேஸ்மட்டத்துக்கு மேலுள்ள சுவருக்கு மட்டுமே. அஸ்திவாரத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். ஷட்டர் மாட்டும் இரு ஓரங்களிலும் கல்லின் குழிகளில் கான்கிரீட் நிரப்பச் சொல்லுங்கள். கல் எண்ணிக்கை அதனால் மாறாது. முழுக் கல்லையும் ஒரே இடத்தில் வாங்குங்கள். இரண்டாவது லோடு கால் அங்குலம் மாறினாலும் வரிசை கோணிவிடும்.

லோடு இறங்கும்போது சரக்கு மூடையை எண்ணுவது போலவே கல்லையும் எண்ணி, உடைந்ததைத் தனியே ஒதுக்கி, சிட்டையில் குறித்த பிறகே கையெழுத்திடுங்கள். ஒரு துண்டுக் காகிதமும் கால் மணி நேரமும் இருந்தால் போதும். கடையில் போடும் கணக்கைச் சுவரிலும் போட்டுப் பார்ப்போம். நம் முதல் கல்லாய்க் கிடக்காமல் சரக்காய்ச் சுழலட்டும்.