மூணாவது துளையில் இல்லாத மூணு சுரம்

ஹார்மோனிக்கான்னா திருவிழாக் கடையில் வாங்குற பொம்மைன்னு நினைக்கிறீங்களா? சிகாகோவில் ஜோ ஃபிலிஸ்கோன்னு ஒருத்தர் இருக்கார். மேடையில் ப்ளூஸ் வாசிப்பார்; ஓல்டு டவுன் ஸ்கூல் ஆஃப் ஃபோக் மியூசிக்கில் பாடமும் எடுப்பார். கையில் இருப்பது 10 துளை, 20 ரீடு. மூச்சை மாத்தி மாத்தி இழுத்துவிட்டே அதில் நீராவி ரயிலை ஓட்டிக் காட்டுவார்.

ப்ளூஸுக்கு வேண்டிய சில சுரங்களுக்கு அந்த வாத்தியத்தில் ரீடே கிடையாது. சி ஹார்மோனிக்காவில் மூணாவது துளையை எடுத்துக்கோங்க. ஊதினா ஜி, உறிஞ்சினா பி. நடுவில் இருக்கிற பி ஃப்ளாட், ஏ, ஏ ஃப்ளாட்? உறிஞ்சிக்கிட்டே நாக்கைப் பின்னால் இழுத்தா மூணுமே வரும்! வாய்க்குள் இருக்கிற காற்றின் ரெசொனன்ஸ் இறங்குது. சும்மா கிடந்த ஊதுற ரீடும் அதோடு சேர்ந்து அதிருது. இதுதான் பெண்டிங். லேபில் பார்த்த எந்த ரெசொனன்ஸ் சோதனையும் எனக்கு இவ்வளவு பிடிச்சதில்லை.

புதுசா கத்துக்கிறவங்க பலமா உறிஞ்சுவாங்க. வேண்டாம், ரீடு திணறும், சீக்கிரம் உடைஞ்சும் போகும். வாத்தியம் இல்லாமலே பழகலாம்: மூச்சை உள்ளே இழுத்துக்கிட்டே விசில் அடிச்சு, சத்தத்தை மெல்லக் கீழே இறக்குங்க. நாக்கு எங்கே போகுதுன்னு கவனிங்க. அதே அசைவுதான்.

அப்புறம் நாலாவது துளையில் தொடங்குங்க; அங்கே அரைச்சுரம் இறக்கினா போதும். மூணாவதில் ஏ-யில் சரியா நிறுத்த மாசக்கணக்கில் ஆகும். அழுத்த பட்டன் கிடையாதே, வரவேண்டிய சுரம் முதல்ல உங்க மனசுக்குள் கேட்கணும். ஹாஸ்டலில் பக்கத்து ரூமுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க.