உதிர்ந்த மாங்காயில் விசுப் பச்சடி

பங்குனி மாதம் பாதி கழிந்ததும் ஆய்க்குடி, சாம்பவர்வடகரை, அச்சன்புதூர் பகுதிகளில் கோடை மழையும் அதற்கு முன்னே ஒரு காற்றும் வருவது வழக்கம். மறுநாள் காலையில் தோப்புக்குப் போய்ப் பார்த்தால் மரத்தடியில் பிஞ்சும் காயுமாக மாங்காய் உதிர்ந்து கிடக்கும். பத்து மரம், பதினைந்து மரம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இது மனம் நோகும் காட்சி. உதிர்ந்த காய்க்கு வியாபாரி சொல்வதுதான் விலை. அந்த விலைக்கு மூட்டை கட்டும் கூலி கூடத் தேறாது என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டு நாளில் காய் அழுகி, தோப்பில் பூச்சிக்கு இருப்பிடமாகிறது.

இதே நாட்களில்தான் சித்திரை விசு வருகிறது. கேரள எல்லையை ஒட்டிய நம் பகுதியில் விசுக் கனி காண்பதும், குற்றாலநாதர் கோயிலில் விசுத் திருவிழா நடப்பதும் அன்பர்கள் அறிந்ததே. அன்றைய இலையில் முதலில் இடம் பெறுவது வேப்பம்பூ சேர்த்த மாங்காய்ப் பச்சடி. உதிர்ந்த காயை முறைப்படி பொறுக்கினால் விசுவுக்குப் பச்சடியும் ஆகும். மீதியை ஆடி, ஆவணி வரை கெடாத இனிப்புத் தொக்காகவும் ஆக்கிக் கொள்ளலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஆய்க்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றில் மகளிர் பயிற்சி நடந்தபோது ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "சார், போன விசுவுக்கு மிஞ்சின பச்சடியில இன்னும் கொஞ்சம் வெல்லம் போட்டுக் கிண்டி பாட்டில்ல வச்சேன். ஆடி மாசம் தொறந்து பாத்தா மேலெல்லாம் பூசணம். அவ்வளவு வெல்லமும் வீணாப் போச்சே, ஏன்?" அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

காய் ஏன் உதிர்கிறது?

மாமரத்தின் ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில ரகங்களில் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருக்கின்றன. கடைசியில் பழமாக நிற்பது கொத்துக்கு ஒன்றோ இரண்டோதான். மரம் தன் சக்திக்கு மேற்பட்டதைத் தானே உதிர்த்து விடுகிறது. எனவே உதிர்வு முழுவதையும் நோய் என்று எண்ண வேண்டாம். மண்ணில் ஈரக் குறைவு, தத்துப்பூச்சித் தாக்குதல், பலத்த காற்று ஆகியவை இருந்தால் உதிர்வு அதிகமாகும். பூக்கும் சமயத்தில் லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி கிராம் வீதம் நாப்தலின் அசெடிக் அமிலம் என்ற பயிர் ஊக்கியைக் கரைத்துத் தெளித்தால் காய் பிடிப்பு கூடும். காற்றில் உதிர்வதை எந்த மருந்தும் நிறுத்தாது. அதைப் பயன்படுத்திக் கொள்வதே வழி.

பொறுக்குவதில் கவனம்

1. அன்றன்று விழுந்ததை அன்றன்றே, வெயில் ஏறுமுன் பொறுக்க வேண்டும். முதல் நாள் விழுந்த காயை உணவுக்கு எடுக்கக் கூடாது.

2. அடிபட்டுக் கன்றியது, வெடித்தது, துளை விழுந்தது, மெழுகு போல் பிசின் வடிந்து உறைந்தது ஆகியவற்றைத் தனியே ஒதுக்க வேண்டும். மாங்கொட்டை வண்டு, காய் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே முட்டையிட்டு விடும். அப்படிப்பட்ட காய்களையும், பருவத்தின் பிற்பகுதியில் பழ ஈ தாக்கிய பழங்களையும் தோப்பில் விட்டால் அடுத்த தலைமுறைப் பூச்சி அங்கேயே உருவாகும். 2 அடி ஆழக் குழியில் போட்டு மண் மூட வேண்டும். ஆக, காய் பொறுக்குவது சமையலுக்கு மட்டுமல்ல. தோப்புக்கும் ஒரு பயிர்ப் பாதுகாப்பு.

3. பூச்சி மருந்து தெளித்த மரமானால், மருந்து டப்பாவில் குறிப்பிட்டுள்ள காத்திருப்பு நாட்கள் முடியும்வரை அந்தக் காயை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. கழுவினால் போதும் என்று நினைப்பது தவறு.

4. காம்பைக் கிள்ளி, காயைக் கவிழ்த்து வைத்துப் பால் வடிய விட வேண்டும். மாம்பால் தோலையும் உதட்டையும் புண்ணாக்கும். பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

பச்சடிக்குக் கொட்டை பாதி முற்றிய காய் சிறந்தது. கொட்டை கட்டாத வடுவை ஊறுகாய்க்கு ஒதுக்கலாம். நாட்டுக் காயில் புளிப்பு அதிகம். கிளிமூக்குக் காயில் குறைவு. அதற்கேற்ப வெல்லத்தைக் கூட்டிக் குறைத்துக் கொள்ள வேண்டும்.

எந்தப் பாத்திரம்?

மாங்காயின் புளிப்பு ஒரு அமிலம். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் செம்பு கரைந்து உணவில் இறங்கும். வாந்தி, வயிற்றுக் கோளாறு வரும். அலுமினியமும் அமிலத்தில் அரிக்கப்படும். எவர்சில்வர், மண்சட்டி, கல்சட்டி இவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். கிண்டுவதற்கு மர அகப்பை நல்லது.

விசுப் பச்சடி

(6 பேருக்கு)

தோல் சீவி நறுக்கிய மாங்காய் 400 கிராம், பொடித்த வெல்லம் 200 முதல் 250 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, கீறிய பச்சை மிளகாய் 1, காய்ந்த மிளகாய் 1, கடுகு அரைத் தேக்கரண்டி, நெய் 2 தேக்கரண்டி, வேப்பம்பூ ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் ஒன்றரை டம்ளர்.

முதலில் வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைய வைத்து, துணியில் வடிகட்டி மண்ணை நீக்க வேண்டும். மாங்காயுடன் பச்சை மிளகாய், மஞ்சள், உப்பு, மீதித் தண்ணீர் சேர்த்து மூடி வேக விட வேண்டும். துண்டு விரலில் நசுங்கும் பதம் வந்த பிறகே வெல்லப் பாகை ஊற்ற வேண்டும். முன்னதாக ஊற்றினால் இனிப்பு காயின் திசுவை இறுக்கி விடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் துண்டு கடினமாகவே நிற்கும். பாகு சேர்ந்து 5 முதல் 8 நிமிடத்தில் பச்சடி கெட்டியாகும். மாங்காயிலேயே பெக்டின் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் இருப்பதால் அரிசி மாவு கரைத்து ஊற்றத் தேவையில்லை. ஆறும்போது இன்னும் கெட்டியாகும் என்பதால் சற்று இளகலாகவே இறக்கி விடுங்கள். ஒரு தேக்கரண்டி நெய்யில் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துச் சேர்க்க வேண்டும்.

வேப்பம்பூவை மீதி நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, பரிமாறும் நேரத்தில் மேலே தூவ வேண்டும். கொதிக்கும்போதே போட்டால் கசப்பு முழுவதிலும் இறங்கி, குழந்தைகள் தொட மாட்டார்கள். வேப்பம்பூவுக்கு, இரவே மரத்தடியில் சுத்தமான வேட்டியை விரித்து வைத்தால் காலையில் பூ தானே விழுந்திருக்கும். காம்பும் தூசியும் நீக்கி, நன்றாகக் காய வைத்து டப்பாவில் அடைத்தால் ஆண்டு முழுவதும் ரசத்துக்கும் ஆகும்.

இந்தப் பச்சடி அன்றைக்கே உண்பதற்கானது. நீர் அதிகம், இனிப்பு குறைவு. வெளியில் வைத்தால் மறுநாளே புளித்து நுரைக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இலையில் ஒரு துளி வைத்து ருசி பார்ப்பதோடு நிறுத்திக் கொள்வது நல்லது.

சாரல் தாங்கும் இனிப்புத் தொக்கு

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். பூசணமும் நுரைக்கும் கிருமிகளும் வாழத் தண்ணீர் வேண்டும். பண்டத்தில் உள்ள நீரை வெல்லமும் உப்பும் கட்டிப் பிடித்து வைத்துக் கொண்டால் கிருமிக்கு அது கிடைக்காது. மிஞ்சிய பச்சடியில் கண்ணளவாக வெல்லம் சேர்த்தபோது இனிப்பு நாவுக்குப் போதுமானதாக இருந்தது. கிருமியைத் தடுக்கப் போதுமானதாக இல்லை. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலோடு வீட்டுக்குள்ளும் ஈரக் காற்று வந்ததும் பூசணம் பிடித்து விட்டது. ஆகவே சேமிப்புக்கு என்றால் தொடக்கத்திலிருந்தே எடை போட்டுச் செய்ய வேண்டும்.

தேவையானவை: துருவிய மாங்காய் 1 கிலோ, வெல்லம் 1 கிலோ, உப்பு 45 கிராம், மிளகாய்ப் பொடி 10 கிராம், மிளகுப் பொடி 10 கிராம், சுக்குப் பொடி 10 கிராம், வினிகர் 150 மில்லி.

அடுப்பில் ஏற்றுமுன் வெறும் பாத்திரத்தையும் அகப்பையையும் சேர்த்து எடை போட்டுக் குறித்துக் கொள்ள வேண்டும். துருவலை ஒரு டம்ளர் தண்ணீரில் வேக வைத்து, வடிகட்டிய வெல்லப் பாகு, உப்பு, பொடிகள் சேர்த்து, மிதமான தீயில் அடி பிடிக்காமல் கிண்ட வேண்டும். நன்கு சுருண்டு வரும்போது வினிகர் ஊற்றி மேலும் 5 நிமிடம் கிண்டி, பாத்திரத்தோடு எடை பார்க்க வேண்டும். பாத்திர எடை போக மீதி 1,600 கிராமுக்கு வந்தால் பதம் சரி. அதிகம் இருந்தால் இன்னும் சுண்ட வேண்டும். தராசு இல்லாதவர்கள் ஒரு சொட்டைத் தட்டில் விட்டுப் பார்க்கலாம். சொட்டைச் சுற்றி நீர் பிரிந்து வளையம் கட்டக் கூடாது.

சந்தையில் விற்கும் பழச் சட்னியில் பழம் 40 சதவீதத்துக்கும், கரைந்த திடப்பொருள் 50 சதவீதத்துக்கும் குறையக் கூடாது என்பது 1955-ஆம் ஆண்டுப் பழப் பொருள்கள் ஆணையில் வகுத்த அளவு. மேலே சொன்ன எடைக்குச் சுண்டினால் திடப்பொருள் அதைவிடக் கூடுதலாகவே, 70 சதவீதத்தை ஒட்டி, இருக்கும். அதுதான் சாரல் மாதங்களில் நமக்குக் காவல்.

கண்ணாடிப் பாட்டில்களைத் தண்ணீரில் மூழ்க வைத்து, தண்ணீர் கொதித்த பின் 15 நிமிடம் விட்டு எடுத்து, ஈரமின்றி உலர வைக்க வேண்டும். பாட்டில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மடித்த துணி மேல் வைத்து, சூடான தொக்கை அரை அங்குலம் இடம் விட்டு நிரப்பி மூடுங்கள். குளிர்ந்த பாட்டிலில் சூட்டை ஊற்றினால் வெடிக்கும். 1,600 கிராமில் 250 கிராம் பாட்டில் ஆறு நிரம்பும்; மீதி வீட்டாருக்கு.

எடுக்கும் கரண்டி உலர்ந்திருக்க வேண்டும். பெரிய பாட்டிலில் அடைத்து அடிக்கடி திறப்பதைவிடச் சிறு பாட்டில்களே மேல். அப்படியும் பூசணம் கண்டால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது. பூசணத்தின் இழையும் நச்சும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். முழுவதையும் கொட்டி விடுவதே பாதுகாப்பு.

விற்க விரும்புவோருக்கு

முதல் ஆண்டு வீட்டுக்கும், மகள் வீட்டுக்கும் மட்டும் செய்து பாருங்கள். ஒரு பாட்டிலை ஆவணி வரை திறக்காமல் வைத்துச் சோதியுங்கள். அது தேறினால் நாலைந்து குடும்பத்துப் பெண்கள் சேர்ந்து குழுவாகச் செய்யலாம். காய், வெல்லம், விறகு, பாட்டில், கூலி ஐந்தையும் எழுதிக் கூட்டி ஆறால் வகுத்தால் ஒரு பாட்டிலின் அடக்க விலை கிடைக்கும். உதிர்ந்த காய்க்கு வியாபாரி தர இருந்த விலையையும் கணக்கில் எழுத மறக்கக் கூடாது. விற்பதானால் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்து, தயாரித்த நாள், எடை, சேர்மானம் ஆகியவற்றை ஒட்டுச் சீட்டில் குறிப்பிட வேண்டும். ஆய்க்குடியை அடுத்த ஊர்மேலழகியானில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பயிற்சி பற்றி அங்கே நேரில் விசாரிக்கலாம்.

காற்றில் உதிர்ந்ததை மீண்டும் மரத்தில் ஒட்ட வைக்க முடியாது. ஆனால் அன்று காலையிலேயே பொறுக்கிய காய் விசு இலைக்குப் பச்சடியாகும். எடை போட்டுக் காய்ச்சியது சாரல் மாதத்தில் கஞ்சிக்குத் தொட்டுக் கொள்ள ஆகும். இந்தப் பங்குனியில் முதல் காற்று அடித்த மறுநாள் ஒரு கூடையோடும் ஒரு தராசோடும் தொடங்கிப் பாருங்கள்.