ஸ்டிக்கர் தொழில்: மெஷின் வாங்குவதற்கு முன்

மீள்குடியேறிய பின்னர் சுயதொழில் தொடங்க விரும்புவோரில் சிலர், குறிப்பாகக் கணினி படித்த பிள்ளைகள் உள்ள வீட்டார், ஸ்டிக்கர் தயாரிக்கும் வேலையைப் பற்றி யோசிக்கிறார்கள். இது நல்ல யோசனைதான். ஊரில் கடைகள் திறக்கும்போது பெயர் எழுத வேண்டும். ஓட்டோவுக்கும் உழவு இயந்திரப் பெட்டிக்கும் எழுத்து வேண்டும். பெண்கள் குழுக்கள் பொதி செய்யும் மிளகாய்த்தூள், அரிசிமா, பனங்கட்டி ஆகியவற்றுக்கு லேபல் வேண்டும். இவர்கள் கேட்பது ஆயிரக்கணக்கில் அல்ல. ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு ஐம்பது, மற்றவருக்கு நூறு. இவ்வளவு சிறிய ஓடரை அச்சகத்தில் கொடுத்தால் ஒன்றுக்கான செலவு கூடிவிடும். அந்த இடத்தில்தான் உங்களுக்கு வேலை உண்டு.

ஆனால் வாழ்வாதார உதவிப் பணம் திரும்பத் திரும்பக் கிடைப்பதில்லை. பொருந்தாத மெஷினை வாங்கினால் அது மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும். கடன்பட்டு வாங்கியிருந்தால், மெஷின் ஓடாத மாதத்திலும் தவணை கட்ட வேண்டும். ஆகவே இந்தப் பாடத்தில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: முதலில் ஓடரைத் தேடுங்கள், பிறகு மெஷினைத் தெரிவு செய்யுங்கள்.

படி 1: மூன்று கேள்விகள்

ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரிலும் பக்கத்துச் சந்தியிலும் உள்ள பதினைந்து பேரிடமாவது பேசுங்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுத வேண்டியவை:

1. ஒரு தடவையில் எத்தனை ஸ்டிக்கர் வேண்டும்? மீண்டும் எப்போது வேண்டும்?
2. எதில் ஒட்டப் போகிறீர்கள்? வெயில் படும் வாகனத்திலா, கண்ணாடிப் போத்தலிலா, கடைக்குள் இருக்கும் பொதியிலா?
3. ஒரே நிறத்தில் எழுத்து மட்டும் போதுமா, பல நிறப் படமும் வேண்டுமா?

எந்த வகை மெஷின் தேவை என்பதை இந்தப் பதில்களே காட்டிவிடும்.

படி 2: எந்த வேலைக்கு எந்த மெஷின்?

வெட்டும் மெஷின் (கட்டிங் புளொட்டர்): இது அச்சடிப்பதில்லை. நிற வைனில் ஸ்டிக்கரைச் சிறிய கத்தியால் எழுத்து வடிவில் வெட்டுகிறது. தேவையற்ற பகுதியை நீங்கள் கையால் உரித்தெடுத்து, மீதியான எழுத்துகளை மேலே ஒரு டேப்பை ஒட்டித் தூக்கி, வாகனத்திலோ கண்ணாடியிலோ பதிக்க வேண்டும். நிறம் வைனிலிலேயே இருப்பதால் மை வேண்டியதில்லை, மழையில் கரையாது. ஒன்று செய்தாலும் நூறு செய்தாலும் வேலை முறை ஒன்றே. வாகன எழுத்தும் கடைப் பெயருமே கூடுதலாகக் கேட்கப்பட்டால் இதிலிருந்து தொடங்கலாம். பல நிறப் படம் செய்ய இது உதவாது.

இங்க்ஜெட் பிரிண்டர்: பொதிகளுக்கான பல நிற லேபலுக்கு ஏற்றது. மைத் தொட்டியில் நிரப்பிப் பாவிக்கும் வகையில் மைச் செலவு குறைவு. மை இரண்டு வகைப்படும். ‘டை’ மை வெயிலில் விரைவாக மங்கும்; ஈரம் பட்டால் பரவும். ‘பிக்மென்ட்’ மை இரண்டையும் ஓரளவு தாங்கும். எந்த மையானாலும் மேலே சூடில்லாமல் ஒட்டும் லமினேட்டிங் பிலிம் போடுங்கள்.

லேசர் பிரிண்டர்: நீரில் கரையாத அச்சு கிடைக்கும். ஆனால் இது சூட்டினால் மைத்தூளை உருக்கிப் பதிக்கிறது. இங்க்ஜெட்டுக்கென விற்கும் வைனில் தாளை இதில் விட்டால், தாள் உருகி உள்ளே ஒட்டி மெஷின் பழுதாகலாம். லேசருக்கு உரியது என்று பொதியில் குறிப்பிட்ட தாளை மட்டும் பாவியுங்கள்.

ஸ்கிறீன் பிரின்டிங்: சட்டமும் மையும் கைவேலையும் போதும், மின்சாரம் இல்லாத வேளையிலும் அச்சிடலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் தயாரிக்க வேண்டும். ஆகவே இருபது ஸ்டிக்கருக்குக் கட்டுப்படியாகாது. ஒரே லேபலை நூற்றுக்கணக்கில், திரும்பத் திரும்பக் கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால் இலாபம்.

பெரிய சொல்வன்ட் பிரிண்டர்: வெளிச் சுவரில் ஒட்டும் பெரிய ஸ்டிக்கரையும் பதாகையையும் அச்சிடும். ஒழுங்காக ஓடாமல் விட்டால் இதன் மைத்தலை அடைத்துக்கொள்ளும். துப்புரவு செய்யவும் மை செலவாகும். வாரத்தில் ஓரிரு ஓடர் மட்டும் வரும் வீட்டுக்கு இது தொடக்க மெஷின் அல்ல. இத்தகைய வேலை வந்தால் நகரத்தில் அச்சடித்து வாங்கி, நீங்கள் கொண்டுபோய் ஒட்டிக் கொடுக்கலாம்.

படி 3: எங்கள் வெயிலும் மின்சாரமும்

வைனிலிலும் இரண்டு தரம் உண்டு. சாதாரண வைனில் தட்டையான பலகைக்கும் கண்ணாடிக்கும் நல்லது. மோட்டார் சைக்கிள் தாங்கி போன்ற வளைந்த இடங்களில் அது காலப்போக்கில் சுருங்கி ஓரம் கிளம்பும். அங்கே ‘காஸ்ட்’ எனப்படும் மெல்லிய, விலை கூடிய வைனில் வேண்டும். ஒட்டும் இடத்தில் எண்ணெயோ தூசியோ இருக்கக் கூடாது. வெயிலில் கொதிக்கும் தகரத்தில் ஒட்ட வேண்டாம், காலையில் ஒட்டுங்கள்.

தாளையும் றோலையும் நிலத்தில் வைக்காமல், வெயில் படாத அலுமாரியில் பொலித்தீன் பைக்குள் வையுங்கள். மாரி காலத்து ஈரம் தாளை வளைத்துவிடும்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் அந்தத் துண்டு வீண். கணினிக்கும் புளொட்டருக்கும் சேர்த்து ஒரு யூ.பி.எஸ் வாங்கும் செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

படி 4: எழுத்தில் கவனம்

தமிழ் எழுத்தை வெட்டும்போது மெய்யெழுத்தின் புள்ளி ஒரு தனித் துண்டாக வரும். உரிக்கும்போது அது குப்பையோடு சேர்ந்து போய்விடும். ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். தடித்த எழுத்துருவைத் தெரிவு செய்து புள்ளியைச் சற்றுப் பெரிதாக்குங்கள். ஒரு சென்ரிமீற்றரை விடச் சிறிய எழுத்துகளை வெட்டாமல் அச்சடிப்பதே சுலபம்.

வடிவமைக்க இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும். சிங்களத்திலும் எழுத வேண்டியிருந்தால், அந்த மொழி நன்கு தெரிந்த ஒருவரிடம் காட்டிய பின்னரே வெட்டுங்கள்.

படி 5: கணக்குப் பாருங்கள்

கீழே உள்ளவை கணக்கு முறையை விளக்க எடுத்த எண்கள் மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

6 சென்ரிமீற்றர் நீளம், 4 சென்ரிமீற்றர் உயரம் கொண்ட லேபல், ஒரு ஏ4 தாளில் 18 வரும். 100 லேபலுக்கு 6 தாள். பழுதாவதற்கு ஒன்று சேர்த்து 7 தாள். தாள் 100 ரூபா, மை 30 ரூபா, லமினேட்டிங் 50 ரூபா என்றால் ஒரு தாளுக்கு 180 ரூபா. ஏழு தாளுக்கு 1,260 ரூபா.

மெஷின் விலை 48,000 ரூபா என்றும், அதை 24 மாதத்தில் மீட்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 2,000 ரூபா. மாதம் 10 ஓடர் வந்தால் ஓர் ஓடருக்கு 200 ரூபா. இப்போது செலவு 1,460 ரூபா. வடிவமைத்து, வெட்டி, கொண்டுபோய்க் கொடுக்கும் உங்கள் கூலியும் மின்சாரமும் இதற்கு மேல் வரவேண்டும். மாதம் இரண்டே ஓடர் வந்தால் மெஷினுக்கான பங்கு 200 அல்ல, 1,000 ரூபா. படி 1 முக்கியம் என்று சொன்னது இதனால்தான்.

ஏற்கக் கூடாத வேலைகள்

வாகன இலக்கத் தகடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தினூடாக வழங்கப்படுவது. அதைப் போல வெட்டித் தராதீர்கள். பெயர்பெற்ற கம்பனிகளின் சின்னத்தை அவர்களின் அனுமதியின்றி அச்சிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அத்தகைய சின்னங்களைப் பாதுகாக்கிறது. உணவு லேபலில் எவற்றைக் குறிப்பிட வேண்டும் என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் வாடிக்கையாளர் கேட்டு வந்த பிறகு அச்சிடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்

• உங்கள் சொந்த வடிவத்தை, தமிழ் எழுத்துடன், கடையிலேயே வெட்டி அல்லது அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள்.
• கத்தி, மை, தாள் ஆகியவற்றை எங்கே வாங்கலாம், வந்துசேர எத்தனை நாள் என்று கேளுங்கள்.
• பழுதானால் திருத்துபவர் உங்கள் மாவட்டத்துக்கு வருவாரா, மெஷினை நீங்கள் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள்.
• உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.
• பழைய மெஷின் என்றால், தெரிந்த ஒருவரை அழைத்துப் போய் ஒரு மணித்தியாலமாவது ஓட்டிப் பாருங்கள்.
• கையிலுள்ள பணம் முழுவதையும் மெஷினுக்குக் கொடுக்காதீர்கள். முதல் மூன்று மாதத்துக்கான தாள், மை, வைனில் வாங்க ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

கொப்பியில் பதினைந்து பேரின் பதிலும் சேர்ந்த பிறகு, அதை எடுத்துக்கொண்டு எமது கள உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பதில்களில் போதிய ஓடர் தெரியவில்லையென்றால், இப்போதைக்கு மெஷின் வாங்காமல் விடுவதும் நல்ல முடிவுதான். பணம் உங்கள் கையிலேயே இருக்கும். வேறு தொழிலைப் பற்றி ஆறுதலாக யோசிக்கலாம்.